ஐஸ் கிடங்கு வரைக்கும் சங்கிலி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஒரு நாள் ஜன்னல் சீட்டுக்கு ரெண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் வெளியிலிருந்தே துண்டைப் போட்டு இடம் பிடித்தவர். இன்னொருத்தர் அந்தத் துண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்தவர். ரெண்டு பேரையும் இறக்கி விடுவேன் என்று கண்டக்டர் கத்துகிறார். பின் சீட்டிலிருந்து எங்கள் மீன் ஏலக்கார அக்கா எழுந்து வந்தது.

"நீ எது வரைக்கும்ப்பா?"

"சிதம்பரம்."

"நீ?"

"நானும் சிதம்பரந்தான்."

"அப்ப பி.முட்லூர் வரைக்கும் நீ உக்காரு. அங்கேர்ந்து அவரு உக்காரட்டும். பாதிக்கு வாங்கப்பா. மீதிய கடல் பாத்துக்கும்."

பஸ்ஸில் ஏது கடல்? ஆனாலும் யாரும் கேட்கவில்லை. பி.முட்லூர் வந்ததும் உட்கார்ந்திருந்தவர் தானாக எழுந்து துண்டை மடித்து அடுத்தவர் கையில் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அது தூங்கிப் போயிருந்தது.

அக்காவின் பேரை இங்கே போடவில்லை. போட்டால் அந்தப் பேரை வைத்தே துறைமுகத்தில் இன்னொரு பேச்சு கிளம்பும். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் பக்கம் மீன் ஏலம் விட்ட அக்கா என்று சொன்னால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவன். பாளத்தை உடைத்துப் படகின் நடுவில் இருக்கும் கிடங்கில் கொட்டுவது என் வேலை. அதனால் என்னை அது பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஐஸு" என்றுதான் கூப்பிடும்.

இப்போது அக்கா சிதம்பரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறது. இங்கே ரெண்டு ஏலம் நடக்கிறது. எங்கள் ஊருக்கு ஒன்று, பக்கத்து ஊருக்கு ஒன்று. நடுவில் ஒரு போலீஸ் வண்டி நிற்கிறது. அந்த இடத்தில்தான் முன்னே அக்கா நின்று கூவும்.

என்ன குரல் என்கிறீர்கள். கல்லில் தகரத்தை இழுத்த மாதிரி இருக்கும். வாங்குகிறவன் ஒன்று சொல்வான், படகுக்காரர் ஒன்று சொல்வார். அக்கா வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு ரெண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லும். அதுதான் விலை. மறுபேச்சு கிடையாது. "இதுக்கு மேல பேசினா மீனு நாறும், அப்பறம் நாம நாறுவோம்" என்று கூடையை நகர்த்திவிடும்.

ஒரு தடவை ரெண்டு படகுக்காரர்களின் வலை கடலில் ஒன்றோடொன்று சிக்கி, பெரிய பந்தாகக் கரைக்கு வந்தது. உன் வலைதான் என் வலை மேல் ஏறியது என்று இவர், உனக்குக் கண் இருந்ததா என்று அவர். பொறுமையாகப் பிரித்தால் ரெண்டையும் பிரித்திருக்கலாம். நாள் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்குள் கைகலப்பு ஆகிவிடும் போல இருந்தது. அக்கா வந்து பார்த்தது.

"யாராச்சும் கத்தி எடுங்கடா."

அங்கே நின்ற அத்தனை பேர் கையும் இடுப்புக்குப் போனது. எங்கள் பக்கம் கடலுக்குப் போகிற ஒவ்வொருத்தர் இடுப்பிலும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வாங்குவது. மரப் பிடி, பிடியில் ஓட்டை போட்டு நைலான் கயிறு கோத்து அரைஞாணில் கட்டியிருப்பார்கள். உப்புக்காற்றில் இறுகிப் போகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அது கூடவே வரும். யாரும் அதை ஆயுதம் என்று நினைத்ததில்லை. சாவிக்கொத்து மாதிரி அது ஒரு சாமான்.

அக்கா ஒரு கத்தியை வாங்கி அந்தப் பந்தை நட்டநடுவில் அறுத்துப் போட்டது. இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி உனக்கு. ரெண்டு பாதியும் எதற்கும் உதவாது. படகுக்காரர்கள் ரெண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறகு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்ததை முடிய ஆரம்பித்தார்கள். முடிந்து எழுந்தபோது ரெண்டு பேரும் ஒரே பீடிக்கட்டில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல வலையக்கா அது" என்றேன்.

"வலை போனா வாங்கிக்கலாம் ஐஸு. மூஞ்சி பாக்கறது போச்சுன்னா எந்தக் கடையில விக்கிது?"

சரிதான் என்று தோன்றியது. ஆனாலும் அன்றைக்கு அந்த வெட்டுப்பட்ட வலையைப் பார்க்கையில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அறுக்கும்போது அக்காவின் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

அதன் வீட்டுக் கதையும் அப்படித்தான். அக்காவின் வீட்டுக்காரருக்கு இன்னொரு வீடு இருப்பது தெரிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் அரிவாளைத் தீட்டாத குறையாக வந்து நின்றார்கள். அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தது. மாசத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று அதுவே சொல்லிவிட்டது. "பாதிப் புருசன் போதும்டா எனக்கு. முழுசா இருந்தா சமைச்சே மாளல" என்று எங்களிடம் சிரிக்கும். அவர் செத்தது அந்த வீட்டில் இருந்தபோது. எடுப்பு அங்கே, கருமாதி இங்கே என்று அன்றைக்கும் அக்காதான் பேசி முடித்தது. அந்த வீட்டுப் பெண் அழுது அழுது மயங்கி விழ, அக்கா அவள் தலையை மடியில் வைத்து சோடா புகட்டியது. ஊரே ஆகா என்றது. நான் அக்காவின் கண்ணைப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்த ஆளின் கண் மாதிரி இருந்தது.

அக்காவுக்கு என்று முழுசாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் தம்பி. அம்மா செத்தபோது இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த தம்பி. படகின் பின்பக்கம் நின்று வலை இறக்குகிறவர். வளர்ந்து மீசை நரைத்த பிறகும் அக்கா தன் தட்டில் இருக்கும் மீனின் நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் போடும். அதில் மட்டும் பாதிப் பேச்சு கிடையாது.

வலை இறக்குவது எப்படி என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். படகு ஓடிக்கொண்டே இருக்கும். பின்பக்கத்திலிருந்து வலையும் ரோப்பும் சரசரவென்று கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அந்த ரோப்பு வளையத்தில் கால் மாட்டினால் ரோப்பு ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். அப்போது அறுக்க வேண்டும். கத்தி எங்கே என்று தேட நேரம் இருக்காது. கை இடுப்புக்குப் போகிற நேரம்தான் இருக்கும்.

ஒரு வருஷம் எந்த வலையைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் தகராறு முற்றியது. கரையில் வாய்ச்சண்டையாக ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஆள் ஒருத்தன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை மடக்குக் கத்தியால் வயிற்றில் குத்திவிட்டான். மணலில் அவர் ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததில்லை.

மறுநாள் துறைமுக வாசலில் தடுப்புக் கட்டைகள் வந்தன. யார் இடுப்பிலும் பாக்கெட்டிலும் மடக்குக் கத்தி இருக்கக் கூடாது, இருந்தால் கேஸ். கடைக்காரர்கள் கத்தி விற்றால் வாங்குகிறவரின் ஆதார் நகலை வாங்கி வைக்க வேண்டும். கடைத்தெருவில் இதைக் கேட்டுவிட்டு ஒரு கடைக்காரர் கத்தியை எல்லாம் உள்ளே வைத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூ தொங்க விட்டார்.

படகுகள் போகவில்லை. தொழிலாளிகள் தடுப்புக் கட்டைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நைலான் ரோப்ப வாயாலயா சார் கடிக்கறது? உங்க பல்லு நல்லா இருக்குது, நீங்க வாங்க எங்ககூட" என்று ஒருத்தர் கேட்டார்.

"யோவ், ஆர்டர் போட்டது நானா? நான் சம்பளக்காரன்யா" என்றார் போலீஸ்காரர்.

"அந்தாண்ட ஊருக்காரனுக்குப் பயந்துகினுதான எங்க இடுப்புல கைய வெக்கறீங்க?"

அந்த ஒரு பேச்சு எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. கத்தியைப் பற்றிய கோபம் மெல்ல மெல்லப் பக்கத்து ஊர் மேல் திரும்பியது. பக்கத்து ஊர்க்காரர்களும் கத்தி இல்லாமல் கரையில்தான் கிடந்தார்கள். அவர்கள் எங்கள் பக்கம் பார்த்து என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிதம்பரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் ரெண்டு ஊரையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். வேன் பிடித்துப் போனோம். அக்கா முன் சீட்டில். தம்பி என் பக்கத்தில். வழியெல்லாம் கத்தி இல்லாத அரைஞாண் கயிற்றை மட்டும் விரலால் நெருடிக்கொண்டே வந்தார்.

அதிகாரி சின்ன வயசு. எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்ன மனுஷர். ஒருத்தர் இடுப்பிலும் கத்தி இருக்கக் கூடாது என்று போலீஸ் தரப்பு. ஒவ்வொருத்தர் இடுப்பிலும் கத்தி இருந்தே ஆக வேண்டும் என்று எங்கள் தரப்பு. ரெண்டு பக்கமும் தொண்டை வற்றும் வரைக்கும் பேசினார்கள். அதிகாரி கடைசியில் சொன்னார்:

"வயித்துல குத்துப்பட்டவர நான் ஆஸ்பத்திரில போயி பாத்தேன். அந்தக் கத்தியும் ரோப்பு அறுக்க வாங்கினதுதான். நாளைக்கு இன்னொருத்தர் விழுந்தா நீங்க யாரு பதில் சொல்லுவீங்க?"

அவர் சொன்னதும் நிஜம்தானே. அப்போது அக்கா எழுந்தது.

"சார், உங்களுது ஜாஸ்தி. எங்க ஆளுங்களுதும் ஜாஸ்தி. போட்டுக்கு ஒரு கத்தி. அது மேல நீங்களே நம்பர் அடிச்சுக் குடுங்க. கரைக்கு வராதபடிக்கு போட்டுலயே சங்கிலி போட்டுக் கட்டிடறோம்."

போலீஸ் அதிகாரி யோசித்தார். "கேபினுக்குள்ள கட்டணும். வெளிய வரக்கூடாது."

"சங்கிலி பின்னாடி வரைக்கும் வரணும்" என்றார் தம்பி. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அவ்ளோ நீளம் விட்டா அப்படியே கரைல நிக்கறவன குத்தலாமே?"

அக்கா ரெண்டு பேரையும் பார்த்தது. வெற்றிலை இல்லாத வாயை ஒரு தடவை மென்றது.

"கேபினும் வேணாம், கடைசியும் வேணாம். நடுவுல ஐஸ் கிடங்கு வரைக்கும் வரட்டும்."

அதிகாரி முகத்தில் நிம்மதி வந்தது. கை தட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் தலையாட்டினார்கள். நாளைக்குப் படகு போகும், அடுப்பு எரியும். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருக்கும்போது என் மனசு கிடங்கின் மூடியிலிருந்து பின்தளம் வரைக்கும் நடந்து பார்த்தது. நான் தினமும் ஐஸைத் தூக்கிக்கொண்டு நடக்கிற இடம் அது.

வேனில் திரும்பும்போது தம்பி சொன்னார்.

"அக்கா, நான் நிக்கிறது கிடங்குகிட்ட இல்ல."

"தெரியும்டா."

"கத்தி அங்கயே நின்னுடும்."

"கூப்பிட்டா ஓடி வரமாட்டானுவளா? எத்தினி வருசமா கடலுக்குப் போற, ஒரு நாளாச்சும் கால் மாட்டுச்சா?"

"மாட்டல."

"அப்பறம் என்னா."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படகு ஒவ்வொன்றிலும் சங்கிலியை அக்காவே அளந்தது. ரெண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அதுதான் கடல்காரர்களின் அளவு. கேபின் கம்பியிலிருந்து பாகம் போட்டுக்கொண்டே வந்து கிடங்கு மூடியின் விளிம்பில் நிறுத்தி, இங்கே வெட்டு என்று வெல்டிங்காரரிடம் சொன்னது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? தூக்குவாளியில் ஒரு கத்தி, லுங்கி மடிப்பில் ஒரு கத்தி என்று ஒளித்து எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். போலீஸ்காரர்களுக்கும் தெரியும். கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் காரியம் அப்படியே ஓடியிருக்கும். இங்கே அக்கா வாக்குக் கொடுத்திருந்தது. விடிகாலையில் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து நின்றுவிட்டது.

"எடு."

"என்னாக்கா எடுக்கறது?"

"என்கிட்டயேவாடா? லுங்கிய அவுத்துடுவேன், மரியாத போயிரும். எடு."

போலீஸ் கை வைத்தால் சண்டைக்குப் போகிற ஆட்கள், அக்காவிடம் பல்லை இளித்துக்கொண்டு ஒவ்வொரு கத்தியாகக் கூடையில் போட்டார்கள். அதன் பேச்சைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. முதல் நாள் முதல் ஆளாகத் தம்பியைத்தான் கூப்பிட்டது. அவர் தூக்குவாளியைத் திறந்து, சோற்றுக்குள் கையை விட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கத்தியை எடுத்துக் கூடையில் வைத்தார். கடைசிப் பருக்கை வரைக்கும் துடைத்துவிட்டு வைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகவே போயிற்று. மீன் நல்ல பாடு, கூடை கூடையாக வந்தது. ரெண்டு ஊர்ப் படகும் ஒரே ஏலத்துக்கு வந்தன. அந்தச் சிதம்பரத்து அதிகாரிகூட ஒரு நாள் வந்து படகில் ஏறி, சங்கிலியில் தொங்கிய கத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கிடங்கில் ஐஸ் கொட்டும்போது அந்தச் சங்கிலி படகு ஆடுகிற ஆட்டத்துக்கு மூடியின் மேல் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நான் சீக்கிரம் கொட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

நடந்ததைப் படகில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வலை இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டிருக்கிறது. தம்பி ஒரு அடி பின்னால் வைத்தார். ரோப்பு காலைச் சுற்றியது. அவர் பின்பக்கத்துக் கட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கத்தி" என்று மட்டும் சொன்னாராம். கத்தவில்லையாம். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். ஆனால் வலையின் பாரமும் நீரோட்டமும் இழுப்பதை நிறுத்தவில்லை. ஒருத்தர் கேபினிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கிடங்கு மூடியைத் தாண்டியதும் சங்கிலி அவரைப் பின்னால் இழுத்து உட்கார வைத்தது. மறுபடியும் எழுந்து இழுத்தார். கம்பி பெயரவில்லை. கத்தியை நீட்டிக்கொண்டு அவர் இங்கே, கட்டையைப் பிடித்துக்கொண்டு தம்பி அங்கே. நடுவில் ரெண்டு ஆள் படுக்கிற இடம்தான். மற்ற ரெண்டு பேர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடி வழுக்கிக்கொண்டே போயிற்று என்று சொன்னார்கள். வலையைத் திரும்ப ஏற்றியபோது அவரும் வந்தார்.

படகு கரைக்கு வந்தபோது அக்கா ஏலத்தில் நின்றுகொண்டிருந்தது. கீழே இறக்கிப் படுக்க வைத்தோம். அக்கா கூவியதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது. படகில் ஏறியது. கிடங்கு மூடியிலிருந்து பின்தளம் வரைக்கும் கையை விரித்து அளந்தது. ஒரு பாகம். இன்னொரு பாகம் முழுசாக வரவில்லை. கை மடங்கி நின்றது. இறங்கி வந்து தம்பியின் காலைப் பார்த்து உட்கார்ந்தது.

அதற்கு மறுநாளிலிருந்து எல்லார் இடுப்பிலும் கத்தி இருந்தது. யாரும் ஒளிக்கவில்லை. தடுப்புக் கட்டையில் போலீஸ்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சிதம்பரத்திலிருந்து மறுபடியும் பேச்சுவார்த்தைக்குத் தேதி சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஊரில் தேதியை யாரும் காதில் வாங்கவில்லை. கடலுக்குப் போகாதவர்கள்கூடக் கத்தி கட்டியிருந்ததைப் பார்த்தேன். கடலுக்கே போகாத ஒருத்தனிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்குடா?"

"மாமா செத்தது ரோப்பாலயா? அவனுங்களாலதான் கத்தியே போச்சு. நீ ஐஸ் போடற வேலைய பாருண்ணே."

துக்கத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர், அவர்களுக்கு முன்னால் குத்துப்பட்டவர். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குனிந்த மாதிரியே நடந்து வந்தார். தெருவில் எங்கள் ஆட்கள் வழி விட்டார்கள். வழி மட்டும்தான் விட்டார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தர் கையும் எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன். அவர்கள் இடுப்பையும் பார்த்தேன். அவர்களும் வெறும் இடுப்போடு வரவில்லை.

அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தது. வாயில் வெற்றிலை இல்லை. தலை வாரவில்லை.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் கையை நீட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் அந்தக் கையைத் தொட வேண்டும். தொட்டால் துக்கத்தை வாங்கிக்கொண்டதாக அர்த்தம். வந்தவர் மேல் எனக்குப் பகை இல்லை என்றும் அர்த்தம். குத்துப்பட்டவர் அக்காவுக்கு முன்னால் வந்து நின்று ரெண்டு கையையும் நீட்டினார். நீட்டுவதற்காக வயிற்றிலிருந்து கையை எடுத்ததும் அவருக்கு வலித்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. ஆனால் கையை இறக்கவில்லை.

ரெண்டு ஊர் ஆட்களும் அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எதையாவது சொல்லும், நடுவில் ஒன்றைச் சொல்லும் என்று நான் கடைசி வரைக்கும் நம்பினேன்.

அக்கா அந்தக் கைகளை நிதானமாகப் பார்த்தது. பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்தது. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அவர் நீட்டிய கையோடு அங்கேயே நின்றார்.